வெயில்காலத்து வீடு

இராமநாதபுரத்துக்குத் தென்மேற்கே, மன்னார் வளைகுடாவின் கரையிலிருந்து சில மைல் உள்வாங்கி, கண்மாய்களும் பனங்காடும் சூழக் கிடக்கிற எங்கள் சிக்கலுக்கு, சூரியன் ஆண்டில் இருமுறை நேர் உச்சிக்கு வருகிறான். வட அட்சரேகை ஒன்பது பாகைக்குச் சற்று மேலே ஊர் அமைந்திருப்பதால், அவற்றுள் முதலாவது சித்திரை பிறக்கிற நாளை ஒட்டியும், மற்றது ஆவணியிலும் நேர்கின்றன. அந்நாட்களின் மத்தியானத்தில் முற்றத்தில் நட்ட கம்புக்கு நிழலே விழாது. இந்தக் கணக்கை நான் கட்டட வேலையில் புகுந்த பிறகே புத்தகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றாலும், எங்கள் பிரதேசத்தில் வீடு கட்டியவர்கள் அதை அநுபவத்தினாலேயே நன்கு உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு, அவர்கள் சுவரைக் காட்டிலும் கூரையின்மேல் செலுத்திய சிரத்தையே சாட்சியாக இருந்தது. தலைக்கு நேரே நின்று காயும் வெயில் சுவரைச் சாய்வாகத் தொட்டுவிட்டுப் போகும். கூரையையோ தன் முழு உக்கிரத்தோடும் தாக்கும்.

ஐம்பதுகளில், நான் சிறுவனாக இருந்த காலத்தில், என் ஐயாவின் வளைவுக்குள்ளே இரண்டு கட்டடங்கள் இருந்தன. ஒன்று, ஒன்றரை அடி கனத்தில் மண்சுவர் எழுப்பி, வைரம் பாய்ந்த பனங்கைகளைச் சாத்தி, அதன்மேல் நாட்டு ஓட்டை இரண்டு வரிசையாக வேய்ந்த கிழக்குப் பார்த்த வீடு. மற்றது, அதற்குத் தெற்கே, இடுப்பளவு மண்சுவரும் அதற்குமேல் பனையோலைத் தட்டியுமாக, நான்கு புறமும் காற்றுக்கு வழிவிட்டு நின்ற ஓலைக்கொட்டகை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஓட்டு வீட்டை வீடென்றும் கொட்டகையை ஆடுமாட்டுக்கோ விறகுக்கோ ஏற்பட்ட இடமென்றும் எண்ணிக்கொள்வார்கள். எங்களுக்கோ இரண்டும் சேர்ந்துதான் ஒரு வீடு. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வாழ்ந்த அந்த ஏற்பாட்டில் எத்தனை நுட்பமான சாஸ்திரம் அடங்கியிருந்தது என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதத் தொடங்கினேன்.

விடியற்காலையில் ஓட்டு வீட்டின் கதவு ஜன்னல்கள் எல்லாவற்றையும் அப்பத்தா திறந்துவிடுவாள். இரவெல்லாம் குளிர்ந்திருந்த காற்று உள்ளே புகுந்து சுவரையும் தரையையும் தொட்டுத் தொட்டு அவற்றின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். முற்றத்தில் வெயில் பாதியைத் தாண்டுமுன்னே அத்தனையையும் சாத்திவிடுவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நாங்கள் புழுக்கமாக இருக்கிறதென்று ஜன்னலைத் திறந்தால், "காத்து வரும்னு நெனச்சாடா தொறக்குற? இப்ப வர்றதெல்லாம் அனலு. அதை உள்ள விட்டா, பொறத்தாலே தள்ள ஒன்னால முடியுமா?" என்று கேட்பாள். உள்ளே வந்துவிட்ட உஷ்ணத்தை வெளியேற்றுவதைவிட, அது உள்ளே வராமல் தடுப்பது எளிது என்ற இந்த விதியைத்தான் பிற்காலத்தில் நான் படித்த நூல்களெல்லாம் பக்கம் பக்கமாக விவரித்தன.

நடுப்பகலில், சாணம் மெழுகிய அந்த உள்ளறையின் இருட்டில் வெறுந்தரையில் படுத்திருக்கையில், வெளியே ஊரே வெந்துகொண்டிருப்பது ஏதோ தூரதேசத்துச் செய்தியாகத் தோன்றும். ஒன்றரை அடி மண்சுவர், தன் வெளிமுகத்தில் பட்ட சூட்டை உள்முகத்துக்குக் கொண்டுசேர்க்க ஏறக்குறைய பத்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆகையால் காலை வெயில் அறைக்குள் வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். நாட்டு ஓட்டின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலும், ஓட்டின் ஒவ்வொரு வளைவுக்கு அடியிலும் சிறைப்பட்டிருக்கும் காற்று, கூரையின் சூடு கீழே இறங்காமல் காக்கும். அதிகமாகச் சூடேறிய காற்றோ ஓட்டின் சந்துகள் வழியே தானாகவே மேலே கசிந்து போய்விடும். மேற்குச் சுவரில் ஜன்னலே கிடையாது. அந்தப் பக்கத்தில் ஒரு வேம்பும் இரண்டு பூவரசுகளும் நின்று, பிற்பகல் வெயில் சுவரை அணுகாதபடி பார்த்துக்கொண்டன.

ஆனால் இந்த வீட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பகலெல்லாம் சுவர் வாங்கி வைத்துக்கொண்ட சூட்டை, பொழுது இறங்கியதும் உள்ளே விடத் தொடங்கும். ராஜஸ்தானத்தைப் போன்ற வறண்ட தேசங்களில் இரவு நன்றாகக் குளிர்ந்துவிடுவதால் அது பெரிய கஷ்டமாகத் தெரிவதில்லை. இரவிலும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் எங்கள் கடற்கரைப் பிரதேசத்திலோ, அந்த மிதமான சூடுகூட உடம்பைப் பிசுபிசுக்கச் செய்து தூக்கத்தைக் கெடுத்துவிடும். வியர்வை உலர வேண்டுமானால் காற்று ஓட வேண்டும். கனத்த சுவருக்குள் காற்று ஓடாது. அதனால்தான் சாயங்காலம் முற்றத்தில் தண்ணீர் தெளித்தபின், பாயும் தலையணையும் கொட்டகைக்கும் முற்றத்துக் கயிற்றுக் கட்டிலுக்கும் இடம் மாறின. ஓலைக்கொட்டகை சூட்டைச் சேமித்து வைக்கச் சக்தியற்றது. சூரியன் மறைந்த சிறிது நேரத்துக்கெல்லாம் அது வெளிக்காற்றின் குளிர்ச்சியை அடைந்துவிடும். தெற்கேயிருந்து வரும் கடற்காற்றைச் சல்லடை போல அந்தத் தட்டிகள் உள்ளே விட, நாங்கள் மறுநாள் விடியும்வரை அசையாமல் தூங்குவோம்.

காற்றைப் பற்றிய ஞானம் எங்கள் பக்கத்தில் கடலோடிகளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கச்சான் எப்போது கிளம்பும், சோழகம் எப்போது அடங்கும், வாடையும் கொண்டலும் எந்த மாதத்துக்கு உரியவை என்பதை வீடு கட்டுகிற மண்வேலைக்காரரும் அறிந்திருந்தார். ஆனி, ஆடியில் மேற்கு மலைத்தொடரைத் தாண்டித் தன் மழையையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வரும் கச்சான், புழுதியும் அனலுமாகவே எங்களை வந்தடையும்; அதற்கு முதுகைக் காட்டியும், பிற்பகலில் கடலிலிருந்து எழும் காற்றுக்கு முகத்தைக் காட்டியும் வீடு நிற்க வேண்டும் என்பது எழுதப்படாத நியதி. மதுரைப் பக்கத்துக் கச்சேரிகளில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பதைப் பற்றி ஐயா வியந்து பேசுவதுண்டு. வறண்ட காற்று வீசும் இடத்தில் அது மிகவும் பயன்படும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் ததும்புகையில் தட்டியிலுள்ள தண்ணீர் ஆவியாவது மந்தப்பட்டு, அறையில் புழுக்கமே மிஞ்சும். ஓர் ஊருக்கு அமிர்தமான உபாயம் அடுத்த ஜில்லாவிலேயே பயனற்றுப்போகக்கூடும் என்பதை அறியாமல், எங்கோ நன்றாயிருந்ததென்று எல்லா ஊருக்கும் ஒரே வைத்தியம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கவலை உண்டாகிறது.

கொட்டகைக்குக் கூரை மாற்றும் நாட்கள் எங்களுக்குத் திருவிழா. பாளை சீவும் பருவம் தொடங்குமுன், பனையேறிகள் மரத்தின் பழைய மட்டைகளை அரிந்து கழிப்பார்கள். அந்த ஓலைகளை மிதித்துப் பரத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றிச் சில நாள் வைத்திருந்தால் அவை தட்டையாகப் படிந்துவிடும். பிறகு பனங்கையின்மேல் வரிச்சு கட்டி, பனைநாரால் ஓலையை வரிசை வரிசையாகக் கீழிருந்து மேலே பிணைத்துக்கொண்டு போவார்கள். உத்தரமும் பனை, கையும் பனை, வரிச்சும் பனை, கட்டும் நாரும் பனை, மேலே வேய்வதும் பனை. வளைவைச் சுற்றி அடைத்த வேலியோ கருக்குமட்டை. வேலை நடக்கிற நாட்களில் வேலையாட்களுக்குப் பதநீரும், எங்களுக்கு நுங்கும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை இந்தச் சிரமத்தை மேற்கொள்ளத்தான் வேண்டும். கச்சான் அடிக்கும் காலத்தில் எங்கேனும் ஒரு கூரையில் பொறி பட்டால் தெருவே பற்றிக்கொள்ளும் பயமும் உண்டு. ஒருமுறை பக்கத்துத் தெருவில் அப்படி நேர்ந்ததையும், ஊரணியிலிருந்து ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றியதையும் பார்த்திருக்கிறேன். ஓலையை விட்டு ஜனங்கள் காங்கிரீட்டுக்குப் போனதை வெறும் பகட்டென்று யாரேனும் சொன்னால், அவர் அந்தத் தீயைப் பார்த்ததில்லை என்றே எண்ணுவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பிய என் சின்னையா, எங்கள் தெருவில் முதன்முதலாகக் காங்கிரீட் தளம் போட்ட வீட்டைக் கட்டினார். மழைக்கு ஒழுகாது, தீக்கு அஞ்ச வேண்டாம், புயலுக்குப் பறக்காது என்பவையெல்லாம் நியாயமான சந்தோஷங்களே; 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலின் நினைவு எங்கள் ஜில்லா முழுவதிலும் அப்போது ஆறாமல் இருந்தது. ஆனால் அந்த வீட்டின் முதல் சித்திரையிலேயே சின்னம்மா நள்ளிரவில் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகத் தொடங்கினாள். நான்கைந்து அங்குலக் கனமே உள்ள தளம், உச்சிவெயிலில் வாங்கின சூட்டை மூன்று நான்கு மணி நேரத்துக்குள் கீழே இறக்கத் தொடங்கி, இரவு வெகுநேரம் வரை இறக்கிக்கொண்டே இருக்கும். படுத்திருப்பவரின் முகத்துக்கு நேரே அந்தச் சூடு வந்து படியும். மின்விசிறியோ அதே காற்றைக் கலக்கி மேலிருந்து கீழே அனுப்பும். பழைய வீட்டிலும் இரவில் சூடு உண்டு. ஆயினும் ஒதுங்கிப் போவதற்கு அருகில் கொட்டகை இருந்தது. புது வீட்டுக்கு இடம் வேண்டுமென்று சின்னையா இடித்தது அந்தக் கொட்டகையைத்தான்.

கட்டட மேற்பார்வை வேலைக்கு நான் துபாய்க்குப் போனது எழுபதுகளின் நடுவில். கீழக்கரையிலிருந்தும் எங்கள் சுற்று வட்டாரத்திலிருந்தும் எத்தனையோ பேர் அக்காலத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். எங்களைத் தங்க வைத்திருந்த தகரக் கொட்டகையின் இரவுகளைப் பற்றி இங்கே விஸ்தரிக்க விரும்பவில்லை. மனிதன் வசிப்பதற்கென்று ஏற்படுத்திய இடங்களில் அதைவிடக் கொடியதை நான் கண்டதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்தக் கொட்டகையை விட்டு ஓடி, நகரத்தின் நடுவே உள்ள கழியின் கரைக்கு வந்து காற்று வாங்குவோம். அங்கேதான் பஸ்தகியா என்ற பழைய குடியிருப்பை முதன்முதலாகப் பார்த்தேன். ஈரானின் தெற்கிலுள்ள பஸ்தக் பிரதேசத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்து குடியேறிய வர்த்தகர்கள் கட்டிய வீடுகள் அவை. கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்கள், நடுவே முற்றம், ஒவ்வொரு வீட்டின் தலையிலும் நாற்புறமும் திறந்த ஒரு சதுரக் கோபுரம். அந்தக் கோபுரத்துக்குப் பர்ஜீல் என்று பெயர்.

கோபுரத்தின் உள்ளே மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு சுவர்களை நிறுத்தி, மேலிருந்து கீழே நான்கு குழல்களாகப் பிரித்திருப்பார்கள். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அந்தப் பக்கத்துக் குழல் அதைப் பிடித்து, கீழே உட்கார்ந்திருப்பவர்களின்மேல் இறக்கும். எதிர்ப்பக்கத்துக் குழல் அறையின் வெப்பக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும். இதே வகைக் கோபுரங்களுக்குப் பெயர்பெற்ற ஈரானின் யஜ்து நகரத்தில், தௌலதாபாத் தோட்டத்து மாளிகையிலுள்ளது 33 மீட்டர் உயரம் என்பார்கள். வறண்ட தேசமாகையால் அங்கே இறங்கும் காற்றைத் தண்ணீர்மேல் தவழவிட்டுக் குளிரூட்டுவார்கள். துபாயோ எங்கள் ஊரைப் போலவே ஈரக்காற்றுள்ள கடற்கரை. ஆகவே அங்கே தண்ணீரை விட்டுவிட்டு, வியர்த்த உடம்பின்மேல் காற்றை ஓடச் செய்வதோடு திருப்தியடைந்தார்கள். தெருமட்டத்தில் இலைகூட அசையாத வேளையிலும் கூரைக்குமேலே சில கஜ உயரத்தில் காற்று ஓடிக்கொண்டிருக்கிறது என்ற எளிய உண்மையை இவ்வளவு அழகாகப் பிரயோஜனப்படுத்திய கட்டடத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

என்னை அதைவிட ஆழமாகத் தொட்டது வேறொன்று. அங்கே காவலிருந்த ஒரு கிழவர், தமக்குத் தெரிந்த ஹிந்தியில், தம் இளமைப் பருவத்தில் கல்வீடு உள்ளவர்களும் கோடை வந்தால் பரஸ்திக்குப் போய்விடுவார்கள் என்று சொன்னார். பரஸ்தி என்பது ஈச்சமட்டையையும் ஓலையையும் கொண்டு பின்னிய குடில். மட்டைகளின் இடுக்கு வழியே காற்று தாராளமாக உள்ளே வரும்; சில குடில்களுக்குச் சாக்குத் துணியாலேயே காற்றுக் கோபுரமும் கட்டியிருப்பார்களாம். எங்கே பிறந்தாலும் கடற்கரை மனிதன் ஒரே விடையைத்தான் கண்டடைகிறான் என்ற எண்ணம் அன்று என்னைப் பெரிதும் நெகிழச் செய்தது. எங்களுக்குப் பனை, அவர்களுக்கு ஈச்சை; எங்களுக்கு மண்சுவர், அவர்களுக்குப் பவளக்கல்; கனத்ததொன்றும் மெல்லியதொன்றுமாக இரண்டு வீடுகள், வெயிலுக்குத் தக்கபடி அவற்றிடையே இடம்பெயரும் ஒரு குடும்பம். எண்பதுகளில் பஸ்தகியாவின் பெரும்பகுதி அரசாங்க அலுவலகம் கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியை இப்போது போற்றிப் பாதுகாக்கிறார்கள். பரஸ்திகளை நான் போன காலத்திலேயே நகரத்துக்குள் காண்பது அரிதாகிவிட்டது.

பவளக்கல்லுக்கு அத்தனை தூரம் போவானேன்? தனுஷ்கோடியில் இன்றும் இடிந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர்களை உற்றுப் பார்ப்பவர்கள், கல்லின் முகத்தில் பவளப்பூச்சிகள் கட்டிய சின்னஞ்சிறு அறைகளைக் காணலாம். அந்த நுண்ணிய துவாரங்களில் நிற்கும் காற்றினால்தான் அந்தக் கல் உஷ்ணத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆனால் அதை மீண்டும் எடுக்க வேண்டுமென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கட்டடத்துக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்குமாக மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை வெட்டி வெட்டி எடுத்ததனால், அலைக்குத் தடுப்பில்லாமல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிப்போயின. வளைகுடாவின் தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. நம் அறைக்குள் ஒரு டிகிரி குறைவதற்காகக் கடலைக் காயப்படுத்துவது தருமமாகாது. அறையைக் குளிரூட்டும் பெட்டியிடம் எனக்குள்ள வருத்தமும் இதே தன்மையுடையதுதான்: உள்ளே இருப்பவர் சுகப்பட, அது கக்கும் அனல் ஜன்னலுக்கு வெளியே தெருவில் நடப்பவர்மேல் படுகிறது, அந்தத் தெருவில்தான் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் குடியிருக்கிறார்கள்.

ஊர் திரும்பி, எனக்கென்று வீடு கட்டியபோது, திருவனந்தபுரத்துக்குப் போய் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களை ஆசை தீரப் பார்த்துவந்தேன். 1945இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டு ஏழைகளுக்காகவே தம் வித்தையை அர்ப்பணித்த அந்த ஆங்கிலேயர், செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்து நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டினால், செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மிச்சப்படுத்தினார். அந்த இடைவெளியில் நிற்கும் காற்றே சுவருக்குக் கவசமாயிற்று. தளத்தின் அடிப்பாகத்தில் காங்கிரீட் பயனற்றுக் கிடக்கும் இடங்களில் பழைய மங்களூர் ஓடுகளைப் புதைத்து, சிமெண்டையும் குறைத்து, சூடு இறங்குவதையும் குறைத்தார். என் வீட்டுத் தளத்தை அந்த முறையிலேதான் போட்டேன். எங்கள் கொத்தனார் முதலில் தயங்கினார். ஓடுகளை அடுக்கி முடித்ததும், தாமே வியந்து, பக்கத்து ஊர்க்காரர்களை அழைத்துவந்து காட்டினார்.

ஆயினும் நகரத்து ஒற்றையறையில், மேலே மொட்டைத்தளமும் மூன்று பக்கமும் அண்டை வீட்டுச் சுவருமாக வசிப்பவருக்கு, இரண்டு வீட்டுச் சாஸ்திரம் எவ்விதம் உதவும்? இந்தக் கேள்வி என்னை வெகுநாளாக வருத்துகிறது. 2010 மே மாதத்தில் ஆமதாபாத் நகரத்தில் அடித்த வெப்ப அலையில், வழக்கமான மரணங்களுக்கு மேற்பட்டு 1,344 பேர் மாண்டார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் பிறகே 2013இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ள ஒரு திட்டம் வகுத்தது. பின்னர் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையும் தொடங்கியது. வெள்ளைக் கூரை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், அறைக்குள் இரண்டு டிகிரி முதல் ஐந்து டிகிரி வரை குறையக்கூடும் என்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அரசாணை பிறந்திருக்கிறது. இறந்தபின் கொடுக்கும் நான்கு லட்சத்தில் எத்தனை கூரைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று என் மனம் கணக்குப் போடாமலிருப்பதில்லை.

சென்னையில் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கும் என் மகளிடம், பங்குனி பிறந்ததும் சுண்ணாம்பை நீற்றி, வடிகஞ்சி கலந்து, மாடித் தரையில் இரண்டு பூச்சு பூசும்படி சொன்னேன். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டுமே என்றாள். கேட்டதற்கு, மழையில் கரைந்து சுவரில் வழியும் என்று அவர் மறுத்தார். செலவை அவளே ஏற்றுக்கொண்டு, ஐப்பசிக்குள் கழுவியும் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகே சம்மதித்தார். பூசிய அன்று மத்தியானம் வெறுங்காலோடு மாடியில் நிற்க முடிந்ததாம். இரவில் குழந்தை அழாமல் தூங்குகிறான் என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது, கோபுரங்களையும் மாளிகைகளையும் பார்த்த சந்தோஷத்தைக் காட்டிலும் பெரிய சந்தோஷம் எனக்கு உண்டாயிற்று. வாடகைக்கு இருப்பவர் தம் தலைக்குமேலுள்ள தளத்துக்குச் சுண்ணாம்பு பூச எவருடைய தயவையும் நாட வேண்டாதபடி ஒரு விதி இருந்தால், அதுவே பெரிய உபகாரமாகும்.

இப்போது சிக்கலில், சின்னையாவின் பேரன் அதே மனையில் புதிதாக வீடு கட்டுகிறான். என்னிடம் யோசனை கேட்டு வந்தான். மேற்குப் பக்கத்தில் மாடிப்படியையும் குளியலறையையும் வைத்து அந்த வெயிலை அவை தாங்கிக்கொள்ளும்படி செய்யச் சொன்னேன். தெற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே வடக்கிலும் ஒன்று, அதன் தலைமாட்டில் சூடான காற்று வெளியேற ஒரு திறப்பு, தளத்துக்குள் ஓடு, தளத்துக்குமேல் சுண்ணாம்பு. இவையனைத்துக்கும் இசைந்தான். கடைசியாக, மொட்டைமாடியில் இரும்புக் குழாய்களை நிறுத்தி, பனையோலைப் பந்தல் ஒன்று போட்டுவிட்டால், பகலில் தளத்துக்கு நிழலும் இரவில் படுப்பதற்கு ஒரு கொட்டகையும் ஆகும் என்றேன். அதை மட்டும் நெடுநேரம் யோசித்தான். "பெரியதாத்தா, மரம் நிக்குது, ஏறுறதுக்கு ஆள் எங்க?" என்றான். பனையேறிகளின் பிள்ளைகள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள்; மரங்களைச் சுற்றிச் சீமைக்கருவேல் மண்டி, அடிமரத்தை நெருங்கவே வழியில்லை. ஆனாலும் கூலியைப் பார்க்காமல் கேட்டுப் பார்க்கிறேன் என்று, நேற்று வாலிநோக்கம் பக்கத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறான். முள்ளை வெட்டி வழி பண்ணித் தந்தால், தை மாதத்துக்குப்பின் வந்து ஓலை கழித்துத் தருவதாக அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறாராம்.